பீட் மண்ணில் புதைந்த நெருப்பு: கேள்வி பதில்

பீட் என்பது முழுதும் மட்காத தாவர எச்சங்கள் படிந்த சதுப்பு மண். அதில் புதைந்த கரியைக் கொண்டு பழங்காலத் தீயை அறிவது பற்றிப் பெங்களூருத் தமிழ் அன்பர்கள் கேட்டவற்றுக்குப் பழங்காலத் தட்பவெப்ப ஆய்வில் உள்ள நம் உறுப்பினர் அம்மையார் அளித்த பதில்கள்.

அல்சூர் அன்பர்: கரித்துண்டு பல்லாயிரம் ஆண்டுகள் மட்காமல் இருப்பது எப்படி?

காற்றுப் போதாமல் கருகிய மரமும் புல்லும் நுண்ணுயிர்கள் எளிதில் சிதைக்க இயலாத பொருளாகிவிடுகின்றன. நீர் தேங்கிய பீட் சதுப்பில் ஆக்சிஜனும் குறைவு என்பதால், மேன்மேலும் படியும் தாவர எச்சங்களுக்கிடையே கரி அந்தந்த அடுக்கிலேயே தங்குகிறது. சதுப்பிலிருந்து எடுத்த மண் உருளையைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்டி, ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து, 125 மைக்ரான் சல்லடையில் மெல்ல நீர் ஊற்றிச் சலித்து, எஞ்சியதை நுண்ணோக்கியில் எண்ணுகிறோம். பெரிய துண்டுகள் பெரும்பாலும் அருகில் எரிந்த தீயைச் சொல்லும். நுண்துகள்கள் தொலைவிலிருந்தும் வந்திருக்கலாம். கறுத்ததெல்லாம் கரியன்று. ஊசிமுனையால் அழுத்தினால் கரி படீரென நொறுங்கும். மட்கிய நார் வளைந்து கொடுக்கும்.

ஒயிட்ஃபீல்டு அன்பர்: கரி கூடினால் வறட்சி என்று கொள்ளலாமா?

கூடாது. ஈரக்காட்டில் வறட்சி வந்தால்தான் தீ பரவும். வறண்ட நிலத்திலோ நல்ல மழை பெய்து புல் வளர்ந்த பிறகே எரிய ஏதேனும் இருக்கும். அதே அடுக்கிலுள்ள மகரந்தத்தையும் கார்பன் ஐசோடோப்பையும் (எடையில் வேறுபடும் கார்பன் அணுவகைகளையும்) சேர்த்துப் பார்க்காமல் மழையைப் பற்றிப் பேசாதீர்கள்.

தொம்லூர் அன்பர்: 2017இல் தீப்பற்றிய பெல்லந்தூர் ஏரியில் இவ்வாறு ஆராயலாமா?

தூர்வாரிய ஏரியில் அடுக்குகள் நிலைப்பதில்லை.

ஜாலஹள்ளி அன்பர்: நீலகிரிப் புல்வெளிகள், மனிதர் சோலைக்காடுகளை எரித்ததால் உண்டானவைதாமே?

நெடுநாள் நம்பப்பட்ட கருத்து இது, நான் ஏற்கவில்லை. நம்மூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் நீலகிரி பீட்டின் கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து 1993இல் வெளியிட்டனர். வெப்பமண்டலப் புற்களான சி4 வகையில் கார்பன்-13இன் விகிதம் மரங்களைவிடக் கூடுதல். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில் அந்தப் புல்லின் அடையாளமே ஓங்கியிருக்கிறது.

அதே அன்பர்: அப்போதும் தென்னிந்தியாவில் மனிதர் இருந்தனரே, அம்மா?

இருந்தனர். தீ மூட்டியது மின்னலா மனிதரா என்று கரி சாட்சி சொல்லாது. ஆனால் அது பனியுகத்தின் உச்சம்: பருவமழை மெலிந்திருந்தது, காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 190 பங்கு அளவுக்கே இருந்தது. இவ்விரண்டுமே சி4 புல்லுக்குச் சாதகம். மலையுச்சியின் உறைபனி மரக்கன்றுகளைக் கருக்குவதை இன்றும் காணலாம். இத்தனை காரணம் இருக்க, மனிதர் கைத் தீப்பந்தத்தை மட்டும் தேடுவானேன்? மேலடுக்குகளின் கதை வேறு. மேய்ச்சலுக்காகப் புல்லை எரிக்கும் வழக்கம் நீலகிரியில் எருமை வளர்க்கும் பழங்குடியினரான தோடரிடம் இருந்தது. அங்கே சாணத்தில் வளரும் பூஞ்சையின் வித்துகளையும் கரியோடு சேர்த்து எண்ணினால், கால்நடைகள் பெருகிய காலம் புலப்படும்.

கே.ஆர்.புரம் அன்பர்: கரியின் வயதே தீயின் வயதா?

அன்று. கதிரியக்கக் கார்பன் முறை (அரை ஆயுள் 5,730 ஆண்டுகள், அளக்கக்கூடிய எல்லை சுமார் 50,000 ஆண்டுகள்) அந்த மரத்திசு வளர்ந்த காலத்தையே காட்டும். முதுமரத்தின் உள்வளையம் எரிவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே உருவாகியிருக்கும். ஆகவே சுள்ளி, இலை, விதை ஆகியவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஹெப்பால் அன்பர்: கரியின் வயதைக் கணித்தால் தீ எரிந்த ஆண்டு தெரியுமல்லவா?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

அல்சூர் அன்பர்: ஊட்டி செல்லும்போது கொஞ்சம் பீட் எடுத்து வரலாமா?

வனத்துறை அனுமதியின்றித் தொடாதீர்கள். மண்வெட்டியால் அள்ளிய கட்டியில் அடுக்குகள் கலந்துவிடுமாதலால் அது எனக்கும் பயன்படாது.