மரக்கப்பல் மாதிரி செய்ய எந்தெந்த நுண்கருவிகளை வாங்கலாம், வாங்கியதை எப்படி செட் செய்வது?

கேள்வி கேட்டவர் ஒரு கிட்டை, அதாவது அறுத்த பாகங்களோடு பெட்டியாக வரும் மாதிரியைக் கட்டி முடித்துவிட்டார். அடுத்த கப்பலை வரைபடத்தை வைத்துக்கொண்டு, தானே மரம் அறுத்துச் செய்ய ஆசைப்படுகிறார். சின்ன டேபிள் ரம்பம், சின்ன மில்லிங் மெஷின் (சுழலும் வெட்டுக்கருவியால் மரத்தைச் செதுக்குவது) இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்கப் பணம் சேர்த்திருக்கிறாராம். வாங்கலாமா, வாங்கினால் எப்படி செட் செய்வது என்று கேட்கிறார்.

ரம்பத்தை வாங்குங்கள். மில்லிங் மெஷினுக்கான பணம் ஒரு வருடம் வங்கியிலேயே இருக்கட்டும். அதில் கொஞ்சம் எடுத்து அளக்கும் கருவிகளுக்கும் சாணைக்கல்லுக்கும் செலவு செய்யுங்கள். கடையிலிருந்து வரும்போது எந்தக் கருவியும் துல்லியமானது இல்லை என்பதை நான் நிறைய மரத்தை வீணாக்கித்தான் தெரிந்துகொண்டேன்.

நான் இருப்பது மொரீசியஸில், கியூர்பிப் ஊரில். கும்பகோணத்தில் பொற்கொல்லர் வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து 11 வருடம் ஆகிறது. கப்பல் மாதிரி செய்வது இந்தத் தீவில் பலருக்குப் பிழைப்பு. பாரிஸ் கடல்சார் அருங்காட்சியகத்தின் பழைய வரைபடங்களை வரவழைத்து, பட்டறைகளில் கையால் செய்கிறார்கள். கயிறு கட்டுவது பெரும்பாலும் பெண்கள்தான். பாய்த்துணி பழசாகத் தெரிவதற்காக அதைத் தேயிலைச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அப்படியொரு பட்டறையில் 30 வருடத்துக்கும் மேல் ஏராக்கட்டையும் (கப்பலின் அடிமரம்) வங்கும் (கப்பலின் விலா எலும்பு மாதிரியான சட்டம்) செய்துவிட்டு ஓய்வு பெற்றவர். நான் அவரைத் தோந்தோன் என்று கூப்பிடுவேன், க்ரியோலில் மாமா என்று அர்த்தம். அவருடைய முன்னோர்கள் தமிழர்கள். அவருக்குத் தமிழில் தெரிந்தது தைப்பூசக் காவடிப் பாட்டுகள் மட்டும்தான். எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தது அவர்தான்.

நான் சொந்தமாக மரம் அறுத்துச் செய்த முதல் கப்பல் 1:64 அளவு. மேல்தளப் பலகைகள் நிஜத்தில் சுமார் 10 அங்குல அகலம் என்றால் மாதிரியில் 4 மி.மீ. மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து அறுத்தேன். ஒவ்வொரு நாளும் ரம்பத்தின் ஃபென்ஸை, அதாவது மரத்தை ஒட்டித் தள்ளுகிற அந்தப் பக்கச்சட்டத்தை, அதே 4 என்ற கோட்டில் கொண்டுவந்து பூட்டினேன். தளம் ஒட்டி முடிந்ததும் இடது பக்கத்து இடுக்குகள் நடுக்கோட்டோடு சேராமல் மெல்ல விலகிக்கொண்டே போயின. தோந்தோன் வந்து கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே வைத்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை இழுத்தார். இரண்டு இடத்தில் நிறுத்தினார். "மோ திஃபி (என் பொண்ணே), இது மூணு நாள் மரம்" என்றார். மீந்த பட்டைகளைக் காலிபரில், அதாவது இரண்டு தாடைகளால் கவ்வி அளக்கும் கருவியில், அளந்தேன். ஒரு கட்டு 4.00, ஒரு கட்டு 4.08, இன்னொன்று 3.93.

0.08 மி.மீ. என்ன பெரிதா என்று தோன்றும். ஒரு பக்கத்துக்கு 12 பலகை, அத்தனையும் 0.08 கூடினால் ஓரத்தில் ஏறக்குறைய 1 மி.மீ. அந்த அளவில் அது நிஜக் கப்பலில் 6 சென்டிமீட்டருக்கு மேல். பிழை ஒரு பலகையில் கண்ணுக்குத் தெரியாது, கூட்டுத்தொகையில்தான் தெரியும். அதனால் ஒரே அகலமுள்ள பட்டைகளை ஒரே செட்டிங்கில், ஒரே உட்காரலில் அறுத்துவிடுங்கள், தேவைக்கு மேல் கால் பங்கு சேர்த்தே. ஃபென்ஸைத் தளர்த்திவிட்டால் பழைய இடம் போனது போனதுதான். கோடு பார்த்துத் திரும்பக் கொண்டுவர முடியாது. அன்றையிலிருந்து ஒவ்வொரு அகலத்துக்கும் கெட்டியான மரத்தில் ஒரு துண்டை அளந்து இழைத்து, எண் எழுதி வைத்திருக்கிறேன். மறுபடி செட் செய்யும்போது பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் அந்தத் துண்டை வைத்து ஒத்துப் பார்ப்பேன். மெஷினில் இருக்கிற அளவுகோலை நான் பார்ப்பதே இல்லை.

இனி வாங்குவதற்கு வருகிறேன். முதலில் ஒரு நல்ல காலிபர், டிஜிட்டலோ டயலோ எதுவானாலும் சரி. டிஜிட்டல் திரை 0.01 வரை காட்டும். ஆனால் பெரும்பாலான காலிபர்களின் உண்மைத் துல்லியம் கூடக்குறைய 0.02தான், அதை நினைவில் வையுங்கள். வாங்கியதும் ஸ்கேட் போர்டில் வருகிற 608 பேரிங் ஒன்று வாங்கி வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள். 22.00 காட்ட வேண்டும். பேரிங்கின் வெளிவிட்டம் அதிகபட்சம் 0.01 அளவுக்குத்தான் குறையும். உள்விட்டம் 8.00. சில ரூபாயில் கிடைக்கும் இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. அளப்பதற்கு முன்னால் காலிபரின் இரண்டு தாடைகளுக்கும் நடுவில் ஒரு தாளைக் கவ்வி இழுத்துத் துடைத்துவிட்டுப் பூஜ்யம் வையுங்கள். ஒரு மரத்தூள் துகள் போதும், 0.03 ஏறிவிடும்.

அதோடு ஒரு சின்ன மூலைமட்டம், உலோக ஸ்கேல், கையால் சுழற்றும் சின்ன டிரில் பிடி, 0.4லிருந்து 1 மி.மீ. வரை டிரில் பிட்டுகள், உள்ளங்கை அளவு இழைப்புளி, இரண்டு மூன்று உளி, 1000 கிரிட்டும் (நுண்மை எண்) அதற்கு மேலும் உள்ள சாணைக்கல். கையால் துளைக்க ஹைஸ்பீட் ஸ்டீல் பிட்டையே வாங்குங்கள். கார்பைட் பிட் கை கொஞ்சம் சாய்ந்தாலே முறிந்துவிடும், அது ஸ்டாண்டில் அசையாமல் பொருத்திய டிரில் மெஷினுக்கு மட்டும். உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டால் பாதி மெஷின் வேலை கையாலேயே முடிந்துவிடும்.

ரம்பத்தில் பிளேடு எவ்வளவு பெரியது என்பதற்கு நான் முக்கியத்துவம் தரமாட்டேன். ஃபென்ஸ் பூட்டும்போது நகர்கிறதா, தளம் தட்டையா, இந்த இரண்டையும்தான் பார்ப்பேன். என்னிடம் இருப்பது ப்ராக்ஸான் கம்பெனியின் 80 மி.மீ. பிளேடு போடும் மாடல். பிளேடு எவ்வளவு அகலம் தின்னும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 1 மி.மீ. தடிமன் பிளேடால் 1 மி.மீ. பட்டை அறுத்தால் உங்கள் பேர்மரத்தில் (பேரிக்காய் மரம்) சரிபாதி தூளாகப் போகும். மெல்லிய பிளேடு மரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் கனத்த மரத்தில் வளைந்து போகும். எனவே இரண்டு பிளேடு வைத்திருப்பது நல்லது. நீளவாக்கில் அறுக்கப் பெரிய பல், குறுக்காக அறுக்கப் பொடிப் பல்.

செட் செய்வது இப்படி. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிளேடின் ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். தளத்தில் நீளமாக ஒரு காடி இருக்கும். அதில் சரியும் கட்டையில் ஒரு மெல்லிய கம்பியையோ டயல் கேஜையோ கட்டி, முன்பக்கம் வந்து நிற்கும் அந்தப் பல்லைத் தொடும்படி வையுங்கள். இப்போது பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய், கட்டையையும் பின்னால் தள்ளிப் பாருங்கள். அதே மாதிரி தொட வேண்டும். வேறு பல்லை வைத்துப் பார்த்தால் பிளேடின் கோணலையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். இது சரியானபின் ஃபென்ஸைக் காடிக்கு இணையாக வையுங்கள். பின்முனை மட்டும் 0.03, 0.05 வெளியே விலகியிருந்தால் தப்பில்லை. உள்ளே சாய்ந்திருக்கவே கூடாது. மரம் பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் நெரிபடும், விளிம்பு கருகும், மோசமானால் உங்களை நோக்கிப் பாயும். என் முதல் பேர்மரப் பட்டைகள் ஒரு பக்கம் தோசைக்கல்லில் தீய்ந்த மாதிரி பழுப்பாக வந்ததற்குக் காரணம் இதுதான். நான் பிளேடு மொக்கை என்று நினைத்துப் புதுசு மாற்றி, அதையும் கெடுத்தேன்.

மெல்லிய பட்டைகளை அறுக்க இன்னொரு வழி இருக்கிறது. ஃபென்ஸுக்கு எதிர்ப்பக்கம், பிளேடுக்குச் சற்று முன்னால், உங்கள் பக்கமாக, ஒரு தடைக்கட்டை பொருத்துங்கள். மரத்தை அதில் முட்டவிட்டு ஃபென்ஸை அணைத்துப் பூட்டி அறுங்கள். அறுந்த பட்டை எங்கும் சிக்காமல் வெளிப்பக்கம் விழும். ஒவ்வொரு பட்டைக்கும் ஃபென்ஸை நகர்த்த வேண்டும், வேலை மெதுவாகும். ஆனால் அகலத்தைத் தடைக்கட்டைதான் தீர்மானிக்கிறது, அது நகர்வதே இல்லை. தோந்தோன் பக்கத்தில் நின்றுகொண்டு "தூஸ்மா, தூஸ்மா" என்பார், மெதுவாக என்று. விரலால் தள்ளாதீர்கள், தள்ளுகோல் வையுங்கள். மூக்குக்கு முகமூடியும் வேண்டும். பேர்மரத் தூள் கண்ணுக்குத் தெரியாத பொடி, நாள் கணக்கில் மூக்கிலேயே நிற்கும்.

ஈரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கியூர்பிப் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மழையும் மூடுபனியும் அதிகம். காலையில் 4.00 அளந்த பட்டை ஒரு வாரம் புயல் மழைக்குப் பிறகு 4.03 காட்டியிருக்கிறது. மரம் குறுக்குவாக்கில்தான் ஊதும், நீளவாக்கில் மிகக் குறைவு. வெளியிலிருந்து வந்த மரத்தை வேலை செய்யும் அறையிலேயே குறைந்தது இரண்டு வாரம் வைத்துவிட்டு அறுங்கள். நீங்கள் தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்தாலும் இதே கதைதான், உப்புக்காற்று வேறு சேரும். கருவிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் துணியில் தொட்டுப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் போகும். ரம்பத் தளத்தில் மெழுகு தேய்த்தால் மரமும் வழுக்கிப் போகும், துருவும் அண்டாது. சிலிக்கோன் ஸ்ப்ரே வேண்டாம், மரத்தில் ஒட்டினால் பசையும் வார்னிஷும் பிடிக்காது.

ரம்பத்துக்குப் பிறகு அடுத்த மெஷின் எது என்றால், உப்புத்தாள் சுற்றிய உருளையால் தடிமன் தேய்க்கும் மெஷின். அதுவும் மில்லிங்குக்கு முன்னால். பட்டையின் அகலம் ரம்பத்தில் வரும், தடிமன் உருளையில்தான் வரும். இரண்டும் சரியாக இருந்தால் வங்கு, தளம், பக்கப் பலகை எல்லாம் தாமே பொருந்தும். ஒரே தடிமனான இரண்டு துண்டுகளில் ஒன்றை உருளையின் இடது ஓரத்திலும் மற்றதை வலது ஓரத்திலும் அதே செட்டிங்கில் விட்டு அளந்தால் உருளையும் தளமும் இணையா என்று தெரிந்துவிடும்.

நான் உயிராக வைத்திருக்கும் கருவிக்கு மின்சாரமே தேவையில்லை. அப்பாவிடம் கம்பி இழுக்கிற இரும்புத் தகடு ஒன்று இருந்தது. வரிசையாகத் துளைகள், ஒன்றைவிட ஒன்று சின்னது. பலகைகளைப் பிணைக்கும் மர ஆணிகளை அதில்தான் செய்கிறேன். நிஜக் கப்பலில் ஒன்றரை அங்குல ஆணி 1:48ல் 0.8 மி.மீ. மூங்கிலைக் கத்தியால் பிளந்து எடுங்கள், ரம்பத்தால் அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு இழுக்கும்போது அறுந்துவிடும். இங்கே தகட்டைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அப்பா தங்கக் கம்பியை அகன்ற வாய் உள்ள பக்கம் விட்டு இழுப்பார், உலோகம் நெருங்கி மெலியும். மூங்கிலை எதிர்ப்பக்கம், துளையின் விளிம்பு கூராக உள்ள பக்கம் நுழைக்க வேண்டும். அந்த விளிம்பு சுற்றிலும் செதுக்கிவிடும். ஒரு துளையைக்கூடத் தாண்டிக் குதிக்காமல் வரிசையாக இறங்குங்கள். குறட்டால் இழுக்கும்போது சர்ரென்று ஒரு சத்தம் வரும், தூள் தகட்டின் முன்பக்கம் பஞ்சு மாதிரி சேரும். சத்தம் நின்று கை வழுக்கினால் அந்தத் துளை வேலை முடிந்தது.

மில்லிங் மெஷினைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும். ப்ராக்ஸான் எம்எஃப் 70 மாதிரி சின்ன மெஷினில் கைச்சக்கரம் ஒரு சுற்று 1 மி.மீ., ஒரு கோடு 0.05. சக்கரத்தைத் திருப்பிச் சுற்றும்போது திருகாணியில் ஒரு தளர்வு இருக்கும். கோடு நகரும், மேஜை நகராது. எந்த அளவுக்கும் எப்போதும் ஒரே திசையிலிருந்தே வந்து சேருங்கள். தாண்டிவிட்டால் அரைச்சுற்று பின்னால் போய் மறுபடி வாருங்கள். வெட்டுக்கருவி மரத்தைத் தொடும் இடம் தெரிய நடுவில் சிகரெட் தாள் வைத்து மெல்ல இறக்குங்கள், தாள் இழுபட்டதும் நிறுத்துங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரவழைப்பதானால் மோட்டார் 120 வோல்ட்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கேயும் இந்தியாவிலும் 230தான்.

ரம்பம் வந்ததும் 20 பட்டை அறுத்து, ஒவ்வொன்றின் இரண்டு முனையையும் அளந்து அந்த 40 எண்களை இங்கே போடுங்கள். ஒரே பட்டையின் இரு முனையும் வேறுபட்டால் மரம் ஃபென்ஸைவிட்டு விலகுகிறது. பட்டைக்குப் பட்டை வேறுபட்டால் ஃபென்ஸின் பூட்டு பிடிக்கவில்லை. எண்களைப் பார்த்தால் அடுத்து எந்தத் திருகைத் தொடுவது என்று சொல்லிவிடலாம்.