பழைய சுண்ணாம்பு வீட்டைத் திருத்துமுன் எந்தக் கட்டடச் சொற்களைத் தெரிந்திருக்க வேண்டும்?

திருகோணமலையில் அம்மம்மாவின் பழைய வீட்டைத் திருத்தப் போவதாகவும், மேசன்மார் பேசுகிற சொற்களில் பாதி விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் கட்டடப் பொறியியலாளர் இல்லை. அதே ஊரில் அதே மாதிரி ஒரு வீட்டைத் திருத்திப் பட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ‘சாந்து’ என்ற சொல்லைப் பிடியுங்கள். கல்லோடு கல்லை ஒட்டவைக்கிற குழையல் சாந்து. அதையே சுவரின் முகத்தில் இழுத்தால் பூச்சு. இன்றைக்கு மேசன் “சாந்து குழை” என்றால் சீமெந்தும் மணலும். உங்கள் அம்மம்மா காலத்தில் அது சுண்ணாம்பும் மணலும். இந்தக் குழப்பத்தால்தான் எங்கள் முன்சுவர் பாழானது.

எங்கள் வீடு முருகைக்கல்லும் (கடலில் எடுக்கிற பவளப்பாறைக் கல்) சுண்ணாம்பும் வைத்துக் கட்டினது, கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். பழைய பூச்சு உதிர்கிறது என்று அப்பா அதன் மேலே சீமெந்து பூசுவித்தார். இரண்டு மாரி தாங்கியது. மூன்றாம் வருடம் வாடைக்காற்றும் மழையும் ஓய்ந்த பிறகு பார்த்தால், முழங்கால் உயரத்தில் சுவர் வயிறு தள்ளி நின்றது. விரல் மொளியால் தட்டினேன். மற்ற இடமெல்லாம் கட்டிச் சத்தம், அந்த இடத்தில் மட்டும் வெறும் பானையைத் தட்டின மாதிரி. சாந்தகப்பை நுனியை விட்டு நெம்பியதும் ஒரே பாளமாய்க் கழன்று விழுந்தது. பாளத்தின் முதுகில் பழைய சுண்ணாம்பு மாவாய் ஒட்டியிருந்தது. உள்ளே சுவர் ஈரம். முருகைக்கல்லின் பூப்பூவான கண்களுக்குள் உப்பு மணிமணியாய்ப் பூத்திருந்தது.

பழைய அத்திவாரங்களில் ஈரத்தைத் தடுக்கிற டிபிசி படை பெரும்பாலும் கிடையாது. நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றுக்கு விட்டுவிடும். சீமெந்து இறுக்கமான மூடி, ஈரத்தைப் பின்னால் தேக்கிவிடும். ஈரத்தோடு கரைந்து வந்த உப்பு அங்கேயே மணி கட்டி, பூச்சையும் கல்லையும் சேர்த்து நொருக்கும். சுண்ணாம்புப் பூச்சும் காலப்போக்கில் உதிரும்தான். ஆனால் அது தான் உதிர்ந்து கல்லைக் காப்பாற்றும். திரும்பப் பூசிக்கொள்ளலாம்.

‘சுட்ட சுண்ணாம்பு’ வேறு, ‘நீற்றின சுண்ணாம்பு’ வேறு. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் ஏறக்குறைய 900 பாகை செல்சியசில் சுட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறி மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் கொதித்து வெடித்து மாவாகும். அதுதான் நீற்றுதல். அந்த நேரம் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பிறகு தண்ணீருக்கு அடியில் கிழமைக்கணக்கில் கிடந்தால் வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். சுவரில் ஏறிய பிறகு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல வாங்கித் திரும்பவும் கல்லாகும். ஆகவே தடிப்பாக ஒரே நாளில் பூசி முடிக்கிற வேலை இல்லை இது. மெல்லிய படைகளாக, இடையில் நாள் விட்டு, வெயில் பக்கத்துக்கு ஈரச்சாக்குத் தொங்கவிட்டுச் செய்ய வேண்டும். பழைய வேலைக்காரர் கடுக்காய் ஊறின தண்ணீரும் பனங்கட்டியும் சேர்ப்பார்கள். கடல்மணல் மட்டும் வேண்டவே வேண்டாம், உப்பை நாமே சுவருக்குள் வைத்ததாகிவிடும்.

உங்கள் சுவர் எந்த வகை என்று தெரியவில்லையா? மறைவான மூலையில் ஒரு ஆணியால் கீறுங்கள். வெள்ளை மாவு கொட்டினால் சுண்ணாம்பு. கீறல் சாம்பல் நிறமாய், ஆழம் போகாமல் நின்றால் சீமெந்து.

கூரைக்கு மூன்று சொல் போதும். சுவரின் மேல் படுத்திருப்பது வளை. முகட்டிலிருந்து அதன் மேல் சரிந்து வருவது கைமரம். கைமரத்துக்குக் குறுக்கே அடித்து ஓட்டைத் தாங்குவது சிலாகை. உங்களுடையது பனங் கைமரம் என்றால் கவனம். முதிரைக்கும் தேக்குக்கும் வைரம், அதாவது மரத்தின் கெட்டியான பகுதி, உள்ளே; பனைக்கு வெளியே. அகக்காழ், புறக்காழ் என்று நம் முன்னோர் பிரித்துச் சொன்னது இதைத்தான். “முகத்தைச் சீவி அழகாக்கித் தருகிறேன்” என்று ஒரு தச்சர் கேட்டால் விடாதீர்கள். அவர் சீவி எறிவது வைரத்தை.

‘நிலை’ என்பது கதவு பூட்டுகிற சட்டம். கல்லில் நிலை எப்படி நிற்கும் என்று பார்க்க விரும்பினால் பிரெட்றிக் கோட்டை வாசலுக்குப் போங்கள். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையே கோட்டைக்கு வைத்தார்கள். இரட்டை மீன் சின்னமும் தமிழ் எழுத்தும் வெட்டின கல்லொன்று அந்த வாசலிலேயே நிற்கிறது. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அதன் முன் ஒரு நிமிடம் நிற்காமல் என்னால் தாண்ட முடிவதில்லை.

சுண்ணாம்புக்காக யாராவது முருகைக்கல் கொண்டுவந்து தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். கடலோரத்தில் அதை எடுப்பது சட்டப்படி தடை. புறாத்தீவுப் பக்கம் முருகைப் பாறைகளைப் பார்த்தவருக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. மாத்தளைப் பக்கத்தில் டொலமைற் கல்லில் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. முழுச்சுவரிலும் இறங்குமுன் ஒரு முழ அகலத்தில் பூசி, ஒரு மாதம் விட்டுப் பாருங்கள்.

உங்கள் சுவரின் முழங்கால் உயரப் பகுதியைக் கிட்ட எடுத்த படம் ஒன்று போட்டால், பூச்சை எங்கே வரை கிளப்ப வேண்டும் என்று என்னால் முடிந்தளவு சொல்கிறேன்.