மின்சாரக் காரில் ‘பிரேக் ஹோல்ட்’ போட்டால் போதுமா, பார்க்கிங் பிரேக்கும் வேண்டுமா?

கேட்டவரின் சிக்கல் இது: புதிதாக எடுத்த மின்சாரக் காரில் ஹோல்ட் பொத்தானை அமுக்கிவிட்டால், பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி அசைவதில்லை. அப்படியென்றால் பார்க்கிங் பிரேக் எதற்கு, கியரில் உள்ள ‘பி’ (பார்க்) எதற்கு, மூன்றும் ஒன்றுதானே என்கிறார்.

ஒன்றில்லை. எனக்கும் இது கோணேசர் கோயில் ஏற்றத்தில்தான் விளங்கியது, அதுவும் பின்னால் நாலைந்து ஓட்டோக்கள் ஹோர்ன் அடிக்கையில்.

திருகோணமலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் கோயில் பக்கம் பாதை ஏறிக்கொண்டு போகும். வெள்ளிக்கிழமை பூசை நேரத்தில் வாகனங்கள் வரிசை கட்டிவிடும். போதாக்குறைக்குக் கோட்டை மான்கள் வேறு. அவை நடுப்பாதையில் நின்று யோசித்து முடிக்கும்வரை யாரும் நகர ஏலாது. அப்படி நின்ற நேரம் ஹோல்ட் பிடித்தது, டாஷ்போர்டில் அதன் பச்சை விளக்கு எரிந்தது, காலை எடுத்துவிட்டேன். பின் பையிலிருந்த பேர்ஸ் உறுத்தியது. பெல்ட்டைக் கழற்றி அதை எடுத்து அருகில் வைத்தேன். பச்சை போய்ச் சிவப்பு வந்ததைப் பார்க்கவில்லை. வரிசை நகர்ந்தது. நான் அக்சிலேட்டரை மிதிக்கிறேன், வண்டி அசையவே இல்லை. பின்னால் நின்ற ஓட்டோ அண்ணை இறங்கி வந்து கண்ணாடியில் தட்டினார்: “என்ன தம்பி, சார்ஜ் முடிஞ்சுதோ?”

சார்ஜ் 78 வீதம் இருந்தது. நடந்தது வேறு. பெல்ட் கழன்றதும், ‘ஓட்டுநர் இறங்கப் போகிறார்’ என்று வண்டி முடிவுகட்டி, ஹோல்டை விட்டுப் பார்க்கிங் பிரேக்கைத் தானாகவே இறுக்கிவிட்டது. பெல்ட் போட்டபிறகு மிதித்தால்தான் அது தானாகக் கழரும். கதவைத் திறந்தாலும், ஹோல்டில் சில நிமிடங்களுக்கு மேல் நின்றாலும் பல வண்டிகள் இதையேதான் செய்யும். எத்தனை நிமிடம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும்.

அப்போது எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தால், வண்டிக்கு என்னைவிட புத்தி இருந்திருக்கிறது. 2022இல் மின்வெட்டோடு வாழ்ந்த நமக்கு ஹோல்டுக்கும் பார்க்கிங் பிரேக்குக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே கேள்வியில் சொல்லிவிடலாம்: கரண்ட் போனாலும் பிடித்துக்கொண்டு நிற்குமா?

ஹோல்ட் நிற்காது. நீங்கள் மிதித்த பிரேக்கின் எண்ணெய் அழுத்தத்தை, ஏபிஎஸ் பெட்டியில் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் பகுதி) உள்ள சின்ன வால்வுகள் மூடி அப்படியே பிடித்து வைக்கின்றன. அந்த வால்வுகள் மூடியிருக்க மின்சாரம் வேண்டும். உங்கள் காலுக்குப் பதிலாக ஒரு கால், அவ்வளவுதான். அதனால்தான் ஹோல்டில் நிற்கும்போது பின் பிரேக் விளக்கும் எரிந்துகொண்டிருக்கிறது.

பார்க்கிங் பிரேக் நிற்கும். புது வண்டிகளில் பின் சக்கர பிரேக்கோடு ஒரு குட்டி மோட்டார் இருக்கும். பொத்தானை இழுத்ததும் ‘ஊய்ங்’ என்று கேட்கிறதே, அது ஒரு திருகாணியைச் சுற்றிப் பிரேக் கட்டையைத் தட்டோடு இறுக்கும் சத்தம். திருகாணி இறுகியபின் பற்றரியையே கழற்றி வைத்தாலும் தளராது.

பி பல கார்களில் வேறொரு வேலை. மோட்டாரோடு இணைந்த பற்சக்கரத்தில் ஒரு இரும்புக் கொக்கி போய் விழுந்து பூட்டிக்கொள்ளும். டெஸ்லாவில் அந்தக் கொக்கியே கிடையாது. அங்கே பி என்றால் பின் சக்கரத்துப் பார்க்கிங் பிரேக்தான். வேறு சில கார்கள் பி அமுக்கினால் இரண்டையும் சேர்த்தே போடும். உங்களுடையது எது என்று ஒருமுறை பார்த்து வையுங்கள்.

பழைய பெற்றோல் கார்க்காரர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹான்ட் பிரேக் சரியில்லாவிட்டால் முதலாம் கியரில் போட்டுவிட்டுப் போவோம், எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். மின்சார மோட்டாரில் அந்தப் பிடிப்பு இல்லை. நிறுத்தினால் கிட்டத்தட்ட சும்மா சுழலும். அதோடு பாரம். ஒரு ஆல்ட்டோ 700 கிலோ சொச்சம் என்றால், 24 கிலோவாட் மணி பற்றரி உள்ள பழைய நிசான் லீஃப் மின்சாரக் காரே ஒன்றரை தொன் அளவில் வரும். சரிவில் உருள ஆரம்பித்தால் கையால் தடுக்கிற கதை இல்லை.

எங்கள் மாமாவிடம் அப்படி ஒரு லீஃப் இருக்கிறது, பார்க்கிங் பிரேக்கை இடது காலால் மிதிக்கும் ஜப்பான் வண்டி. மாமா அந்தப் பெடலைத் தொடுவதே இல்லை, சரிவிலும் பி மட்டும்தான். திரும்பி வந்து கியரை எடுக்கும்போது ‘டக்’ என்று ஒரு அடி கேட்கும். வண்டியின் முழுப் பாரமும் விரல் பருமன் கொக்கியில் தொங்கியிருந்த சத்தம் அது. சரிவில் முறை இதுதான்: பிரேக்கை மிதித்தபடியே பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள். கியர் ‘என்’ (நியூட்ரல்) நிலையில் இருக்க, காலை மெல்லத் தளர்த்தி வண்டியைப் பிரேக்கில் சாயவிடுங்கள். அதன்பிறகு பி. சொன்னால் மாமா, “பத்து வருஷமா ஓடுறன்” என்பார்.

அக்சிலேட்டரை லேசாக மிதித்தே ஏற்றத்தில் வண்டியைப் பிடித்து வைப்பவர்களும் உண்டு. மின்சாரக் காரில் அது கெட்ட பழக்கம். மோட்டார் சுழலாமல் நின்றபடி கரண்ட் மட்டும் பாயும்போது சூடு ஒரே இடத்தில் ஏறும். அந்த நேரத்துக்குத்தான் ஹோல்ட் இருக்கிறது. ஏற்றத்தில் தானாக ஓரிரு செக்கன் பிடித்துவிட்டு விடுகிற உதவியை ஹோல்ட் என்று நினைத்தும் ஏமாறாதீர்கள். ஹோல்ட் விளக்கு எரியாவிட்டால் காலை எடுக்கக் கூடாது.

இன்னொன்று, மார்க்கெட் பக்கம் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ரிவேர்ஸ் எடுக்கும்போது ஹோல்டை அணைத்துவிடுங்கள். அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டிய இடத்தில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அது பிடித்துக்கொள்ளும். விடுவிக்க அக்சிலேட்டரைத் தொட்டால் வண்டி குதிக்கும். என் பின் பம்பரில் ஒரு கீறல் இருக்கிறது, அதைப் பற்றி இவ்வளவு போதும்.

கடலோரம் இருப்பவர்களுக்கு. மின்சாரக் காரில் வேகத்தைப் பெரும்பாலும் மோட்டாரே குறைத்துவிடுவதால் பிரேக் தட்டுகளுக்கு வேலை குறைவு, துரு சீக்கிரம் பிடிக்கும். திருகோணமலை டச்பே கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில், மாரி மழையில் நனைந்த வண்டியைப் பார்க்கிங் பிரேக் போட்டு நாலைந்து நாள் விட்டால் பிரேக் கட்டை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் நகர்த்தும்போது ‘படார்’ என்று ஒரு சத்தத்தோடு கழரும். சமதரையில் பல நாள் விடுவதென்றால், கொக்கி உள்ள வண்டியில் நான் பி மட்டும் போட்டு, லொறிக்காரர் மாதிரி சக்கரத்துக்குக் கட்டை முட்டுக்கொடுக்கிறேன். சரிவில் இதைச் செய்ய மாட்டேன்.

12 வோல்ட் சின்னப் பற்றரி இறந்தால், பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் இந்தப் பூட்டுகள் திறக்காது. தள்ளிப் பார்க்காதீர்கள், கயிறு கட்டியும் இழுக்காதீர்கள். வேறொரு வண்டியிலிருந்து ஜம்ப் வயர் கொடுத்தாலே பெரும்பாலும் விழித்துக்கொள்ளும்.