கரையான் திரும்ப வருகிறது: மருந்தை மாற்றவா, ஆளை மாற்றவா?

இரண்டும் வேண்டாம். சர்வீஸ் மேனேஜராக முதலில் மருந்துக் கணக்கைப் பாருங்கள். மூன்று மாதத்தில் மறுபடி புகார் வந்தால், பெரும்பாலும் தரையில் போட்ட துளைக்குள் போன மருந்தின் அளவு குறைவாக இருக்கும். ஒரே நாளில் நாலு வீடு என்று அனுப்பினால் எந்தப் பையனும் அவசரப்படத்தான் செய்வான். அது அட்டவணையின் குற்றம்.

அடுத்த வேலைக்கு நீங்களே கூடப் போங்கள். கட்டிடங்களில் கரையான் தடுப்புக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 6313-இன் மூன்றாம் பகுதிப்படி (ஏற்கெனவே கட்டிய கட்டிடங்களுக்கானது), சுவரும் தரையும் சேரும் இடத்தில் 300 மிமீ இடைவெளியில் துளை, ஒவ்வொன்றிலும் 1 லிட்டர் வரை கலவை. 30 மீட்டர் சுவர் என்றால் சுமார் 100 துளை. இமிடாகுளோப்ரிட் 30.5 எஸ்சி (தண்ணீரில் கலக்கும் கரையான் மருந்து) லிட்டருக்கு 2.1 மிலி வீதம் 210 மிலி வரை செலவாகியிருக்க வேண்டும். வேலைச் சீட்டில் 80 மிலி என்றிருந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

ஆனால் ஒன்று: இந்த மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும். முதல் சில வாரங்களில் கரையான் தென்பட்டால் தோல்வி என்று எழுதாதீர்கள். மேல்மாடியில் நீர்க்கசிவு இருந்தால் அந்த ஈரத்திலேயே கரையான் பிழைத்துக்கொள்ளும்; தரையில் எவ்வளவு ஊற்றினாலும் போதாது, அப்புறம் பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும்.