செடி புழுவையும் பாக்டீரியாவையும் ஒரே விதமாக எதிர்க்கிறதா?

கேள்வி: நம் இரத்தத்தின் வெள்ளையணுக்களைப் போல, புழுவையும் நோய்க்கிருமியையும் விரட்டச் செடிகளிடம் ஏதேனும் உண்டா?

பதில்: உடலெங்கும் சுற்றிவரும் காவல் அணுக்கள் செடிக்குக் கிடையா. ஒவ்வோர் உயிரணுவும் தன்னைத் தானே காத்துக்கொண்டு மற்றவற்றுக்கும் செய்தி அனுப்புகிறது. எதிரி யார் என்பதைப் பொறுத்து அச்செய்தி மாறுபடும்.

தக்காளி இலையைப் புழு கடித்ததும், 18 அமினோ அமிலங்கள் கொண்ட சிஸ்டமின் என்ற புரதத் துணுக்கு காயத்தில் வெளிப்பட்டு, புழுவுக்கு எதிரான தற்காப்பை முடுக்கும் ஹார்மோனான ஜாஸ்மோனிக் அமிலத்தைச் சுரக்கத் தூண்டுகிறது. சில மணி நேரத்தில், கடிபடாத இலைகளிலும்கூடப் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் சேர்ந்துவிடுகின்றன. புழு வயிறு நிறையத் தின்றாலும் சத்து உடலில் ஒட்டுவதில்லை. புழு உடனே சாவதில்லை என்பதால் இதை எளிய தற்காப்பு என்று எண்ணிவிடக் கூடாது. வளர்ச்சி தாமதப்படும் ஒவ்வொரு நாளும் அது பறவைக்கோ குளவிக்கோ இரையாகும் வாய்ப்பு கூடுகிறது. மக்காச்சோளம் குளவியை வரவழைக்கவும் செய்கிறது: கடித்த புழுவின் வாய்நீர் பட்டதும் செடி காற்றில் கலக்கும் மணத்தைப் பின்பற்றி, புழுவின் உடலில் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகள் வந்து சேர்வதை 1990-இல் வெளியான ஆய்வு காட்டியது.

பாக்டீரியாவால் இலையைத் துளைக்க இயலாது. இலைத்துளை வழியாகவோ காயத்தின் வழியாகவோதான் அது நுழைய வேண்டும். நீந்த உதவும் வால் போன்ற அதன் கசையிழையிலுள்ள ஃபிளாஜெலின் புரதத்தை உணர்ந்ததும் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. மீறி உள்ளே புகுந்தால், கிருமிக்கு எதிரான தற்காப்பை முடுக்கும் ஹார்மோனான சாலிசிலிக் அமிலம் பெருகுகிறது. கிருமியை அடையாளங்கண்ட உயிரணுக்கள் தாமே மடிந்து அதை அவ்விடத்திலேயே முடக்குவதும் உண்டு.

கேள்வி: எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தைத் தெளித்தால் இரண்டுக்கும் ஒருசேரக் காப்புக் கிடைக்குமா?

பதில்: எப்போதும் கிடைக்காது. சாலிசிலிக் அமிலம், ஜாஸ்மோனிக் அமிலம் ஆகியவற்றின் வழியே செய்தி செல்லும் இரு தற்காப்பு வழிகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று அடக்குபவை. எதிரிகள் இதை நன்றாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் சில வகைகள், ஜாஸ்மோனிக் அமிலத்தின் செயல்வடிவத்தைப் போலவே இயங்கும் கொரோனட்டினைச் சுரந்து, மூடிய இலைத்துளைகளை மீண்டும் திறக்கவைக்கின்றன. கொலராடோ உருளைக்கிழங்கு வண்டின் புழுவோ இதற்கு நேர்மாறு: தன் வாய்நீரிலுள்ள பாக்டீரியாக்களை இலையில் விட, தக்காளிச் செடி ஏமாந்து சாலிசிலிக் வழியை முடுக்கிப் புழுவுக்கு எதிரான வழியைத் தளர்த்திவிடுகிறது. சாலிசிலிக் வழியை மட்டும் தூண்டும் மருந்தைத் தெளித்த தக்காளியில் இலைதின்னிப் புழுக்கள் வழக்கத்தைவிடச் செழித்ததும் சோதனைகளில் பதிவாகியிருக்கிறது. ஆகவே, வயலில் அப்போது மிகுந்திருப்பது புழுவா, பாக்டீரியாவா என்று பார்த்த பிறகே அத்தகைய மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.