300-க்கு 298 எடுத்த செஸ் இன்ஜினை வாங்கலாமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், மாவட்ட அளவில் செஸ் ஆடுகிறாள். போன வாரம் போட்டி நடந்த இடத்தில் ஒருவர் 'சாம்பியன் இன்ஜின் பேக்' என்று செஸ் ஆடும் மென்பொருள் ஒன்றை 8,000 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார். 300 டாக்டிக்ஸ் புதிர்களை லேப்டாப்பில் ஓடவிட்டுக் காட்டினார். அவருடைய இன்ஜின் 298 தீர்த்தது, இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜின் 271. கோச்சும் வாங்கச் சொல்கிறார். எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாது. இந்த மார்க்கை நம்பலாமா? வீட்டில் நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா? – மதுரை வாசகர்

பதில்: வாங்காதீர்கள். அந்த 298-க்கும் உங்கள் மகளின் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்த 271 எப்படி வந்தது என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

300 புதிர் என்றால் அநேகமாக 'வின் அட் செஸ்' தொகுப்பாகத்தான் இருக்கும். அமெரிக்கர் ஃப்ரெட் ரைன்ஃபெல்ட், கம்ப்யூட்டர்கள் செஸ் ஆடத் தொடங்காத காலத்தில், மனிதர்கள் பயிற்சி எடுப்பதற்காகப் புத்தகமாகப் போட்ட நிலைகள் அவை. பிற்பாடு செஸ் நிரல் எழுதியவர்கள் அதையே சோதனைத் தாளாக எடுத்துக்கொண்டார்கள். அதன் முதல் புதிரைப் பாருங்கள். வெள்ளைக் குதிரைகள் எஃப்6-லும் இ5-லும் நிற்கின்றன, கறுப்பு ராஜா எச்8 மூலையில் இருக்கிறது. வெள்ளை ராணி ஜி3-யிலிருந்து ஜி6-க்கு, அதாவது எஃப்7 சிப்பாய் வெட்டக்கூடிய கட்டத்துக்கே போகிறது. சிப்பாய் வெட்டினால் இ5 குதிரை ஜி6-க்கு வந்து மேட். சும்மா விட்டால் ராணி எச்7-ல் மேட். மனிதக் கண்ணுக்கு அழகான நகர்த்தல்தான். ஆனால் இன்றைய எந்த நல்ல இன்ஜினும் இதைக் கண் இமைப்பதற்குள் கண்டுபிடித்துவிடும். சாதாரண லேப்டாப்பில், புதிருக்கு ஒரு நொடி கொடுத்தாலே ஸ்டாக்ஃபிஷ் இந்தத் தொகுப்பில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தீர்த்துவிடும். அப்படிப்பட்ட இன்ஜின் 271-ல் நின்றது என்றால் அதன் கையைக் கட்டிப்போட்டுத்தான் ஓடவிட்டிருக்கிறார்கள்.

கட்டுவது ரொம்பச் சுலபம். ஸ்டாக்ஃபிஷை இறக்கி எதையும் மாற்றாமல் வைத்தால் அது பிராசஸரின் ஒரே ஒரு த்ரெட்டைத்தான் (ஒரே சமயத்தில் ஓடக்கூடிய வேலைகளில் ஒன்றை) எடுத்துக்கொள்ளும், யோசித்ததைக் குறித்துவைக்கும் ஹேஷ் நினைவகம் வெறும் 16 எம்பி. அதை அப்படியே விட்டுவிட்டு, தன்னுடையதற்கு மட்டும் 8 த்ரெட், 4 ஜிபி ஹேஷ் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஒரு பிள்ளைக்கு மூன்று மணி நேரமும் இன்னொரு பிள்ளைக்கு அரை மணி நேரமும் கொடுத்துப் பரீட்சை வைத்து மார்க்கை ஒட்டுவது போலத்தான் இது. உங்களிடம் காட்டிய திரையில் இந்த இரண்டு எண்களும் எங்கேயாவது தெரிந்தனவா? தெரிந்திருக்காது.

இன்னொரு வேலையும் செய்கிறார்கள், அது இதைவிட மோசம். ஸ்டாக்ஃபிஷின் மூல நிரலை எடுத்துச் செய்த சில இன்ஜின்களில் 'எக்ஸ்பீரியன்ஸ்' கோப்பு என்று ஒன்று உண்டு. ஒரு நிலையில் எந்த நகர்த்தல் நன்றாக இருந்தது என்பதை வட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு அடுத்த முறை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த வசதியில் தவறில்லை, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு உபயோகமானதுதான். ஆனால் விற்பவர் வீட்டில் உட்கார்ந்து அதே 300 புதிர்களைப் பல முறை ஓடவிட்டு, விடைகள் எல்லாம் உள்ளே பதிந்த பிறகு உங்கள் முன்னால் லேப்டாப்பைத் திறந்தால் நீங்கள் பார்ப்பது மனப்பாடம். இன்ஜின் யோசிக்கவே இல்லை.

இதைப் பிடிக்க வழி இருக்கிறது. பலகையைப் புரட்டிக் கொடுங்கள். வெள்ளைக் காய்களைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும் மாற்றி, எட்டாவது வரிசையை முதல் வரிசையாக்கினால் புதிர் அதேதான், கணக்குக்கு மட்டும் புது நிலை. உண்மையிலேயே யோசிக்கிற இன்ஜின் இதையும் ஏறக்குறைய அதே நேரத்தில் தீர்க்கும். மனப்பாடம் செய்தது தடுமாறும். பத்துப் பதினைந்து புதிர்களை உங்கள் மகளே பலகையில் வைத்துப் புரட்டிக் கொடுத்துவிடுவாள், அரை மணி நேர வேலை.

சரி, வீட்டில் எப்படிச் சோதிப்பது? விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் அரீனா என்ற இலவச மென்பொருள் போதும். புதிர்க் கோப்பைக் கொடுத்தால் ஒவ்வொன்றையும் தானே ஓடவிட்டு, கோப்பில் எழுதியிருக்கும் சிறந்த நகர்த்தலோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடும். இரண்டு இன்ஜினுக்கும் ஒரே ஹேஷ், ஒரே எண்ணிக்கையில் த்ரெட், ஒரே நேரம் வையுங்கள். த்ரெட்டை 1 என்றே வைப்பது நல்லது, ஏனென்றால் பல த்ரெட் ஓடும்போது அதே இன்ஜின் அதே புதிரை ஒரு முறை 2 நொடியிலும் அடுத்த முறை 9 நொடியிலும் தீர்க்கும், யார் வேகம் என்றே சொல்ல முடியாது. லேப்டாப்பை சார்ஜரில் போட்டுவிட்டுச் செய்யுங்கள், பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு புதிருக்கு முன்னும் ஹேஷ் காலியாக வேண்டும். 'டெப்த்' என்று, எத்தனை நகர்த்தல் ஆழம் பார்த்தது என்பதாகத் திரையில் ஓடும் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு இன்ஜினின் 30-ம் இன்னொன்றின் 30-ம் ஒன்றல்ல, நகர்த்தல்கள் கிளை கிளையாகப் பிரியும்போது எந்தக் கிளைகளை ஆராயாமல் வெட்டிவிடுவது என்பதில் ஒவ்வொன்றின் விதமும் வேறு. அந்த எண்ணைச் சொல்லி விற்கிறவரிடம் பேச்சையே நீட்டாதீர்கள்.

அப்புறம், 'தீர்த்தது' என்ற கணக்கில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நேர்மையாகச் சோதிக்கிறவர்களும் இங்கேதான் வழுக்குகிறார்கள். பழைய தொகுப்புகளில் சில நிலைகளில் ஜெயிக்கிற நகர்த்தல் ஒன்றுக்கு மேல் இருக்கும். புத்தகத்தில் எழுதியது ராணித் தியாகம், இன்ஜின் அமைதியாக ஒரு ரூக்கை நகர்த்தி அதுவும் ஜெயிக்கிறது என்று வையுங்கள். கோப்பு அதைத் தோல்வி என்று குறிக்கும். அது தோல்வி இல்லை. அதனால் 'தோல்வி' என்று வந்த ஒவ்வொரு புதிரிலும் நின்று, இரண்டு நகர்த்தலுக்கும் பிந்தைய நிலையைத் தனித்தனியாக ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டும் தெளிவாக ஜெயித்தால் அந்தப் புதிரையே இரண்டு பேர் கணக்கிலிருந்தும் தூக்கிவிடுங்கள். பாதி மார்க் எல்லாம் போட வேண்டாம். ஒன்று ஐந்தில் மேட், இன்னொன்று ஏழில் மேட் என்றாலும் தூக்கிவிடுங்கள், ஆட்டத்தில் இரண்டுக்கும் ஒரே புள்ளிதான். ஒன்று ஜெயித்து மற்றது டிராவில் முடிந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நகர்த்தல்தான் தோல்வியிலிருந்து காப்பாற்றுகிறது என்கிற புதிர்களையும் வைத்துக்கொள்ளுங்கள், உண்மையில் அவைதான் நல்ல புதிர்கள். இதன் மறுபக்கமும் உண்டு. சரியான நகர்த்தலைத் தவறான காரணத்துக்காகப் போடுவது. இன்ஜின் முதல் நொடியில் அந்த நகர்த்தலைக் காட்டிவிட்டு, நிலையைச் சமம் என்றே மதிப்பிட்டுக்கொண்டிருந்தால் அது விடையைப் பார்க்கவில்லை, கை தவறிப் பட்டிருக்கிறது. நகர்த்தலும் வர வேண்டும், நிலையைப் பற்றி இன்ஜின் காட்டும் மதிப்பீடும் ஏற வேண்டும், நேரம் முடியும்வரை அதிலேயே நிற்கவும் வேண்டும். அந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு மார்க்.

கடினமான நிலை எப்படி இருக்கும் என்று உங்கள் மகளுக்குக் காட்ட வேண்டுமானால் 1998-ல் ஸ்பெயினின் லினாரெஸ் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் டோபலோவுக்கு எதிராக கிராண்ட்மாஸ்டர் ஷிரோவ் ஆடிய 47-வது நகர்த்தலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு நிறக் கட்டத்தில் ஓடும் பிஷப், கொஞ்சம் சிப்பாய்கள், பார்த்தவுடன் டிரா என்றுதான் யாருக்கும் தோன்றும். ஷிரோவ் தன் பிஷப்பை எச்3-ல் கொண்டுபோய் ஓசியில் கொடுத்தார். எதற்கு? எஃப்5 கட்டம் காலியாகி, ராஜா அந்த வழியாக இ4-க்கு ஒரு படி முன்னதாகப் போய்ச் சேர்வதற்கு. பழைய இன்ஜின்கள் இதில் நெடுநேரம் திணறின. காரணம் புரிந்துகொள்ள எளிதுதான். எல்லாக் கிளையிலும் ஆழமாகப் போக நேரம் இல்லை, அதனால் மேலோட்டமாகப் பார்த்து மோசமாகத் தெரியும் நகர்த்தல்களை இன்ஜின் குறைவாகவே ஆராயும். பிஷப்பைச் சும்மா கொடுப்பது அந்தப் பட்டியலின் கடைசியில்தான் நிற்கும்.

இங்கேதான் அந்த 298-ன் மதிப்பு முழுசாகப் போகிறது. கிளை வெட்டுவதைக் குறைத்து, தியாக நகர்த்தல்களை அதிகம் தோண்டும்படி ஒரு இன்ஜினைத் திருகலாம். புதிர்களில் மார்க் ஏறும், ஆனால் மற்ற நிலைகளில் நேரம் வீணாகி முழு ஆட்டத்தில் பலம் குறையலாம். ஸ்டாக்ஃபிஷை உருவாக்குகிறவர்கள் ஒரு மாற்றத்தை ஏற்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யப் புதிர்த் தொகுப்பை நம்புவதில்லை. தன்னார்வலர்கள் கொடுக்கும் கம்ப்யூட்டர்களில் பழையதையும் புதியதையும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் மோதவிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.

அந்த 'பேக்' உள்ளே இருப்பது பெயர் மாற்றிய ஸ்டாக்ஃபிஷா என்று பார்க்கவும் வழி உண்டு. இன்ஜின் கோப்பை நேரடியாகத் திறந்தால் ஒரு கறுப்பு ஜன்னல் வரும். அதில் பெஞ்ச் என்று ஆங்கில எழுத்தில் தட்டி எண்டர் கொடுங்கள். சில நிலைகளை ஓடவிட்டு, மொத்தம் எத்தனை நிலைகளை ஆராய்ந்தது என்று கடைசியில் ஒரு பெரிய எண்ணைக் காட்டும். ஒரே பதிப்பு என்றால் எந்தக் கம்ப்யூட்டரிலும் அந்த எண் மாறாது, அது கைரேகை மாதிரி. ஸ்டாக்ஃபிஷின் ஏதாவது ஒரு பதிப்போடு அது கடைசி இலக்கம் வரை ஒத்துப்போனால் நீங்கள் 8,000 ரூபாய் கொடுப்பது பெயருக்கு மட்டும்தான்.

ஸ்டாக்ஃபிஷின் உரிமம் அதை விற்பதைத் தடுக்கவில்லை. ஆனால் விற்றால் இது ஸ்டாக்ஃபிஷ் என்பதை மறைக்கக் கூடாது, மூல நிரலும் கிடைக்கச் செய்ய வேண்டும். பெரிய நிறுவனத்துக்கும் இதே விதிதான். செஸ் மென்பொருள் விற்கும் ஜெர்மனியின் செஸ்பேஸ் மீது ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் 2021-ல் வழக்குப் போட்டார்கள். 2022 நவம்பரில் சமரசம் ஆனபோது, ஸ்டாக்ஃபிஷ் அடங்கிய பொருட்களை ஓராண்டு விற்பதில்லை என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அங்கே அவ்வளவு தூரம் போய்ச் சண்டை போட்டார்கள். இங்கே போட்டி நடக்கும் இடத்து வராந்தாவில் மேஜை போட்டு விற்கிறவரிடம் உள்ளே என்ன இன்ஜின் என்று ஒருவரும் கேட்பதில்லை. நுழைவுக் கட்டணம் வாங்கும் அமைப்பாளர்கள் மேஜைக்கு இடம் கொடுக்கும் முன் ஒரே ஒரு தாளில் அதை எழுதி வாங்க முடியாதா? பெற்றோரின் பயம்தான் இங்கே வியாபாரம், அது அவர்களுக்கும் தெரியும். கோச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். விற்பனையில் அவருக்குப் பங்கு உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, உங்கள் பணம்.

உங்கள் மகளுக்கு வேண்டியது வேறு. லிச்செஸ் தளத்தில் உண்மையான ஆட்டங்களிலிருந்து எடுத்த 40 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிர்கள் காசில்லாமல் கிடைக்கின்றன, அங்கேயே ஸ்டாக்ஃபிஷும் ஓடுகிறது. அவள் முதலில் தானே யோசித்து விடையை நோட்டில் எழுதட்டும், அதன் பிறகு இன்ஜினைத் திறக்கட்டும். மிச்சமாகும் 8,000 ரூபாயை அடுத்த போட்டிகளின் நுழைவுக் கட்டணத்துக்கும் பஸ் செலவுக்கும் வையுங்கள்.

விற்பவர் மறுபடி வந்தால் உங்கள் லேப்டாப்பில், உங்கள் கண் முன்னால், ஒரு த்ரெட்டில், புரட்டிய புதிர்களோடு ஓடவிடச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் அந்த பெஞ்ச் எண்ணைக் குறித்து எனக்கு அனுப்புங்கள், எந்தப் பதிப்பு என்று பார்த்துச் சொல்கிறேன்.