வாண்டரரா, ஜம்ப்ஸ்டேஷனா: எது முதல் தேடுபொறி?

தேடுபொறிகளைப் பற்றிய உங்கள் பட்டியலில் முதல் வலைத் தேடுபொறி ஜம்ப்ஸ்டேஷன் என்றே போடுங்கள். வாண்டரர் ஜூன் 1993இலேயே வந்துவிட்டதே என்று கேட்டிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மேத்யூ கிரே அந்த நிரலை எழுதியது வலை எவ்வளவு வளர்கிறது என்று அளக்க. பக்கங்களைத் தானே தேடிப்போவது, அட்டவணை போடுவது, நாம் தட்டும் சொல்லுக்கு விடை தருவது என மூன்றையும் சேர்த்துச் செய்தது அந்த டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஃப்ளெட்சர் உருவாக்கிய ஜம்ப்ஸ்டேஷன்.

இரண்டுமே இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தாவியவை. குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

உங்கள் பட்டியலில் ஒவ்வொரு பெயரிடமும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: பக்கத்தைக் கண்டுபிடித்தது நிரலா, ஆளா? பதிந்துவைத்தது எதை? ஆர்ச்சி (1990) உடனே விழுந்துவிடும். அது வலைப்பக்கங்களை அல்ல, எஃப்டிபி (கணினிகளுக்கிடையே கோப்புகளை அனுப்பும் முறை) தளங்களில் இருந்த கோப்புகளின் பெயர்களைத்தான் தேடியது. செப்டம்பர் 1993இல் வந்த டபிள்யூ3கேட்டலாக்கில் தேட முடிந்தது, சரி, ஆனால் ஆட்கள் கையால் தொகுத்த பட்டியல்களுக்குள்.

அப்புறம், ஜம்ப்ஸ்டேஷனுக்கு முழு உரைத் தேடல், அதாவது பக்கத்தில் உள்ள எல்லாச் சொற்களிலும் தேடுவது, என்று எழுதிவிடாதீர்கள். அது பக்கத் தலைப்புகளையும் உள்தலைப்புகளையும் மட்டுமே பார்த்தது. முழு உரைக்கு 1994இன் வெப்கிராலரைப் போடுங்கள்.